சாத்திய ஜன்னல்

"பொண்ணுக்குத் தலைவலி காய்ச்சல்னு ஒண்ணு கெடையாது. நான் பொறுப்பு, தம்பி" என்றாள் அக்தர் பானு.

ஆம்பூரில் பாதி நிக்காஹ் அவள் பேசி முடித்தவைதான். ஜியாவுதீன் விஷயத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை. காலேஜ் படித்தவன், தோல் மண்டியில் நல்ல வேலை. மனைவி ஃபரீதா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு சின்ன மகள். போகிற வீட்டில் எல்லாம் பெண்ணுக்குத் தலைவலி உண்டா என்று கேட்பான். இல்லை என்று சத்தியம் செய்தாலும் எழுந்து வந்துவிடுவான். ஃபரீதா தலைவலிக்காரி என்பது தெருவுக்கே தெரியும். அவளோடு பட்டது போதும் என்றிருக்கிறான் என்று அக்தர் பானு நினைத்துக்கொண்டாள்.

இன்று பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் அண்ணன் இஷ்தியாக் அகமது சர்பத் வைத்தான். தங்கை ஜஹீதாவின் சமையலையும் தையலையும் புகழ்ந்தான்.

ஜியாவுதீன் காதில் வாங்கவில்லை. முற்றத்துக்கு அப்பால் ஓர் அறை. இந்தப் புழுக்கத்திலும் அதன் ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கில் துணி அடைத்திருந்தது.

"உள்ள யாரு?"

"சாமான் போடற ரூம்" என்றாள் அக்தர் பானு.

உள்ளே யாரோ ஓங்கரித்தார்கள்.

இஷ்தியாக் தலை குனிந்தான். உள்ளே இருப்பது ஜஹீதாதான், மறைத்தது தப்பு என்றான். வயசுக்கு வந்ததிலிருந்தே இப்படி. தலை ஒரு பக்கம் மட்டும் பிளக்கும். வெளிச்சம் ஆகாது; தோல் வாடை பட்டால் வாந்தி. அம்மாவுக்கும் இருந்தது. மறுநாள் ஜஹீதா தானாக எழுந்து வேலை பார்ப்பாள்.

அக்தர் பானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒன் வாய்க்குப் பூட்டு போட்டுட்டு வந்திருக்கணும்டா."

"வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னுமா?" என்று கேட்டான் ஜியாவுதீன்.

"ஆமா பாய்."

"தலைய அமுக்கிவிட்டா?"

"தொட வுடமாட்டா. பேசாம பக்கத்துல ஒக்காந்தா போதும்னுவா."

ஜியாவுதீன் சர்பத்தை எடுத்துக் குடித்தான். வேறு எந்த வீட்டிலும் அவன் டம்ளரைத் தொட்டதில்லை.

"அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க. சரின்னா நாள் பாருங்க."

அக்தர் பானு வாயைப் பிளந்தாள். "நல்லா இருக்கற பொண்ணையெல்லாம் தள்ளிட்டு... இன்னா தம்பி இது?"

"எம்மக போன மாசம் ஜன்னலச் சாத்தச் சொல்லி அழுதா, அக்கா. அவ அம்மாவுக்கு வந்த அதே வலி. எனக்கு ஜன்னலச் சாத்த மட்டும்தான் தெரியுது."