டேரில் ரீவ்ஸின் கடைசி உதை

மெல்பேர்ன் வந்த முதல் குளிர்காலத்தில், ஆங்கிலமே பிடிபடாத நாட்களில், யோகராணிக்கு அந்த ஊர்க் கால்பந்தாட்டம் மட்டும் தொலைக்காட்சியில் புரிந்தது. நீள்வட்டப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டேரில் ரீவ்ஸ் ஓடும்போது, அவள் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள்.

"உன்ர பெடியன் இறங்கிட்டான், ஓடி வா" என்று கணவர் கூப்பிடுவார்.

ஓர் ஆண்டு, இறுதிப் போட்டியில் கடைசி உதை டேரிலுக்குக் கிடைத்தது. பந்து கம்பத்தில் பட்டது. அணி தோற்றது. சொந்த ரசிகர்களே அவனைத் திட்டினார்கள். அன்று யோகராணி அடுப்பு மூட்டவில்லை.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவோ?" என்றார் கணவர்.

"அவன்ர முகத்தைப் பாத்தனீங்களோ?" என்றாள் அவள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, கண் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது டேரில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையில் பட்ட அடிகளால் அவன் ஆட்டத்தை விட்டதைச் செய்தியில் பார்த்திருந்தாள். கூட வந்த மனைவி, மாறிப் போட்டிருந்த அவனுடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அந்த இறுதிப் போட்டியிலிருந்து மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்ததை யோகராணி தன் ஆங்கிலத்தில் சொன்னாள். "அது உங்கள் பிழையில்லை."

அவன் மரியாதையாகச் சிரித்தான்.

"எது?" என்று கேட்டான்.

மனைவி அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். உள்ளேயிருந்து யோகராணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. அவன் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.