ஓர் ஈ, இரண்டு பெயர்

ஏழாவது ஜோடியையும் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

ஓர் ஊசியில் இரண்டு ஈக்கள். ஆண் மேலே, பெண் கீழே. கூடியபடியே செத்து, கூடியபடியே காய்ந்தவை. தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளில் அழுகிய பழத்தின் மேல் உட்கார்ந்து காலத்தை ஓட்டுகிற சின்ன ஈ.

ஆணுக்குத் தலை அகலம், இறக்கையில் கறுப்புப் பட்டை. பெண்ணுக்குத் தலை சாதாரணம், இறக்கையில் ஒன்றும் கிடையாது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இவை இரண்டும் வெவ்வேறு இனம் என்று உலகத்துக்கு அறிவித்த மகாபுத்திசாலி நான்தான்.

ஒன்றில் கிடைத்ததெல்லாம் ஆண், மற்றதில் கிடைத்ததெல்லாம் பெண். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட அங்கேயே பொறி தட்டியிருக்கும். எனக்குத் தட்டவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள், எனக்கு இரண்டு ஈ தேவைப்பட்டது. பெரியவள் பெயரை மட்டும் வைத்திருந்தால் சின்னவள் வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

பட்டை உள்ளதற்குச் சின்னவள் பெயர், இல்லாததற்குப் பெரியவள் பெயர். ஒரே கட்டுரை, ஒரே நாள். 'என்ன, இன்னும் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா' என்று என்னைக் கேலி பேசும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அன்று இனிப்புக் கொடுத்தோம்.

இந்த ஜோடிகளைப் பெட்டியில் வைத்து அனுப்பியவர் கடலுக்கு அப்பால் ஓர் அருங்காட்சியகத்தில் ஈக்களைப் பார்ப்பவர். நல்ல மனுஷி. மரபணுவையும் சோதித்துவிட்டார். இரண்டும் ஒன்றுதான். திருத்தக் கட்டுரை இன்று மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது.

ஓர் ஈக்கு ஒரு பெயர்தான், அது எங்கள் சட்டம். வழக்கமாக முந்தி வந்த பெயர் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தால், திருத்துகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது நிற்கும். பெயர் வைத்தவர் நீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். மரியாதையாகக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான்.

தோற்ற பெயர் அடியோடு அழிந்துவிடாது. பட்டியலில் மற்றதற்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும். அந்தப் பெயரைச் சொல்லி அந்த ஈயை இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

காலையிலிருந்து தேடுகிறேன். இந்த ஜோடிகளில் இருக்கும் பெண் வேறு, என் அலமாரியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் பெண் வேறு என்று காட்ட ஒரே ஒரு மயிர் போதும். முதுகில் நான்கு, இதிலும் நான்கு. பின்னங்காலில் ஏழு, இதிலும் ஏழு. அந்த அம்மாள் சோதனைக் குழாய்களை மாற்றி வைத்திருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

ஒரு மயிரும் கிடைக்கவில்லை. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த மேசையில் வண்டு பார்ப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றரை மணிக்கு மனைவி போன் செய்தாள். "ரெண்டையும் வெச்சுக்க முடியாதான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்றாள். முடியாது என்று அவளுக்கே தெரியும். என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

சின்னவள் தன் ஈயின் படத்தைச் சட்டம் போட்டு அலுவலக மேசையில் வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் 'இது நான்' என்பாள். அவள் பெயரை எடுத்தால், இந்த வீட்டில் எதிலும் அக்காதான் முதலில் என்று அவள் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் உண்மையாகிவிடும். பெரியவள் எதையும் வாய் திறந்து கேட்டவள் இல்லை. அதனாலேயே அவள் பெயரில் கைவைக்க மனம் வரவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மணி நாலரை. வேறு வழி தெரியாமல் சின்னவளுக்கே போன் போட்டேன். ஒரு தகப்பன் செய்கிற காரியமில்லை, தெரியும். நெஞ்சில் இருந்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"என் பேர எடுத்துடுங்கப்பா. என்னைக் கூப்பிட நீங்கல்லாம் இருக்கீங்க. அக்காவ இனிமே யாரு கூப்பிடப் போறா?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். பெரியவள் எங்களை விட்டுப் போன இந்தப் பதினொரு வருடத்தில், சின்னவள் தன் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தது இதுதான் முதல் தடவை.

மனசு ஆறும் என்று நினைத்தேன். கடல் தாண்டி இருக்கும் அம்மாளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். பெரியவள் பெயர் நிற்கட்டும் என்று முதல் வரி. அடுத்த வரியில் எடுக்கவேண்டிய பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவளை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கும் சின்னவள், அவள் அம்மாவுக்கும் சின்னவள், அக்காவுக்கும் சின்னவள். அக்கா இல்லாமல் போன பிறகும் சின்னவள்தான்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதெல்லாம் ஈயைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்.

ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது.