கசப்பு தெரியக் கூடாது

"கசப்பு கொஞ்சங்கூடத் தெரியக் கூடாதுன்னா என்ன சேர்க்கணும், டீச்சர்?"

கேட்டவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எண்ணெய் குறைத்த வீட்டுச் சமையலுக்கான வகுப்பில் பதினோரு பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் ஆண்.

"கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. நாக்கு ஏமாந்துடும்" என்றாள் டீச்சர், கீரையைக் கிளறியபடி. "யாருக்குங்க கசப்பு ஆகாது?"

"எல்லாம் வீட்லதான்" என்று நெளிந்தார். மனைவியை 'வீட்ல' என்றே சொல்லிப் பழகிய மனுஷர். வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரம் துண்டுச் சீட்டைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டார். "பொடி ஏதாவது கலந்தா எதுல நிறம் மாறாது? கஞ்சியிலயா, குழம்புலயா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "என்ன பொடிங்க?" என்றாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

அன்றிலிருந்து டீச்சரின் கண் அவர்மேலேயே இருந்தது. ஆள் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனார். சட்டை தொளதொளத்தது, பேனா பிடித்த கை நடுங்கியது. செய்கிற பாவம் சும்மா விடுமா, உள்ளே அரிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அவர் மனைவிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நாக்கை ஏமாற்றச் சொல்லிக் கொடுத்தது இந்தப் பாழாய்ப்போன வாய்தானே! வகுப்பில் சேர்ந்த படிவத்திலிருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, போட்டது போட்டபடி ஓடினாள்.

கதவைத் திறந்த அம்மா கல்லு மாதிரி திடமாக இருந்தாள். கையில் மூடி போட்ட கிண்ணம். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தான் யாரென்று சொன்னாள்.

"சமையல் டீச்சரா? வாங்க, வாங்க. அவரு உள்ள படுத்திருக்காரு. ரெண்டு நாளா எழுந்திருக்கவே முடியல."

டீச்சர் அவள் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. அவரு சமைச்சு எது குடுத்தாலும் வாயில வைக்காதீங்க. கசப்பை எப்படி மறைக்கிறதுன்னு என்கிட்ட கேட்டுட்டு இருந்தாரு!"

அந்த அம்மா கிண்ணத்தின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அவரு எங்க டீச்சர் சமைக்கிறாரு? நான் சீட்டுல எழுதிக் குடுக்கிறதக் கேட்டுட்டு வர்றதோட சரி. சமைக்கிறது நான்தான்."