கிளிக் போன பிறகு

இணையப் பக்கங்களை இயக்க உதவும் ஒரு நிரல் நூலகத்தில் கிளிக், ஆன் என்று இரண்டு கட்டளைகள் வேலை பார்த்தன. ஆனிடம் வேலை சொல்வதென்றால் அழுத்துவதா, தட்டச்சு செய்வதா, எந்த நிகழ்வைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கிளிக்குக்குத் தெரிந்தது அழுத்துவது ஒன்றுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். அதனால் பல பக்கங்கள் கிளிக்கைத்தான் கூப்பிட்டன. கிளிக் உள்ளே ஓடி, "அண்ணே, இந்த பட்டனை யாராவது அழுத்தினா கவனிக்கணுமாம்" என்று சொல்லும். கவனிப்பது ஆன்தான்.

நூலகத்தைப் புதுப்பித்தவர்கள், "ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு?" என்று கிளிக்கை நீக்கிவிட்டார்கள். கிளிக் போய்விட்டது.

ரத்ததானப் பக்கம் ஒன்று பழைய வழக்கப்படி கிளிக்கைக் கூப்பிட்டது. பதில் வரவில்லை. பக்கத்தின் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

வள்ளியம்மை என்ற பெண் தன் கணவனுக்காக அந்தப் பக்கத்தைத் திறந்து, 'ரத்தம் தேவை' என்ற பட்டனை அழுத்தினாள்.

"அண்ணே, அழுத்துறாங்க!" என்று பட்டன் கத்தியது.

"தெரியுதும்மா. ஆனா என்னை யாரும் கூப்பிடலையே" என்றது ஆன்.

"இத்தனை நாள் நீங்கதானே கவனிச்சீங்க?"

"கிளிக் வந்து சொன்னான், செஞ்சேன். சொல்லாம என்னால ஒரு அடி நகர முடியாது."

"ரத்தம் கேக்குறாங்க அண்ணே."

ஆன் கிளிக் வரும் வழியைப் பார்த்தது.

வள்ளியம்மை இன்னொரு முறை அழுத்தினாள். பட்டன் எப்போதும்போல் அமுங்கி எழுந்தது. செய்தி போய்விட்டது என்று நினைத்து, அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு யாராவது அழைப்பார்கள் என்று காத்திருந்தாள்.