கார்னிவல் முயல்

டமாரென்று ஒரு பலூன் வெடிக்கிறது. இரத்தினபுரி கார்னிவலின் இரைச்சலுக்கே நடுங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சுகன்யா, அம்மா ஜீவராணியின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கிறாள். முயல் வேஷக்காரன் சற்றுத் தள்ளியே மண்டியிட்டு, பஞ்சுக் கையை நீட்டியபடி காத்திருக்கிறான். "தொட்டுப் பாரு கண்ணு, முயலு ஒன்னும் செய்யாது" என்கிறாள் அம்மா. மெல்ல வெளியே வந்த விரல் ஒன்று அந்த வெள்ளை மயிரைத் தடவுகிறது. தோட்டத்து லயத்து வீட்டுக்கு யார் வந்தாலும் கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளை சிரிக்கிறது. மிச்சப் பயமும் தெளியட்டுமே என்று ஜீவராணிக்கு ஆசை. "மல்லி, தலையக் கழட்டிக் காட்டுங்க" என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்கிறாள். கழற்றிய தலையை அவன் புல்லில் வைக்கிறான். வியர்வை வழியும் இளைஞனின் முகம் ஆசையாகச் சிரிக்கிறது. சுகன்யா அவனைப் பார்க்கவில்லை. புல்லில் கிடக்கும் தலையையே பார்க்கிறாள்.

"ஏம்மா முயலைக் கொல்லச் சொன்னீங்க?"