முதல் பிரதி பெற்ற எருமை

அசைபோட்டுப் படிக்க வேண்டிய கனமான நாவல்களை எழுதும் எருமைக்கு அணில்மேல் இரக்கம். பாவம், பதின்வயதுக் குட்டிகளுக்குக் காதல் கதை எழுதிக் காலத்தை ஓட்டுகிறது! ஆனாலும் சக எழுத்தாளர் ஆயிற்றே, நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆதரிப்போம் என்று அணிலின் புது நாவல் வெளியீட்டு விழாவுக்குப் போய், பெரிய மனது பண்ணி முதல் பிரதியையும் பெற்றுக்கொண்டது.

மேற்கோள் காட்ட ஒரு வரி கிடைக்காதா என்று, மைனா வாழ்த்திப் பேசும்போது எருமை அந்தப் பிரதியைச் சும்மா புரட்டியது. மைனா முடித்ததும் தெரியவில்லை, கைதட்டியதும் கேட்கவில்லை. வாயிலிருந்த புல்லை அசைபோடக்கூட மறந்துபோனது.

"அண்ணே, உங்களை மூணு தடவை கூப்பிட்டாச்சு. பேச வாங்க" என்று அணில் காதருகே கிசுகிசுத்தது.

எருமை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிராமலே சொன்னது:

"கொஞ்சம் இரு தங்கச்சி. அவன் அவகிட்ட காதலைச் சொல்றானான்னு பார்த்துட்டு, வந்து உன்னை ஆதரிக்கிறேன்."