சொல்லிவிட்டுச் செய்கிறவர்

மதிய வெயில் விழும் மேசையில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் மறுபடி கண் விழிக்கிறது. அவருடைய குரல் பதிவுகளை அக்காவும் தம்பியும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, பாதியில் கரண்ட் போய்விட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஓட, அக்கா நகத்தைக் கடிக்கிறாள். “பதறாதக்கா. என்ன செய்யப்போறேன்னு முதல்ல குறிச்சு வச்சுட்டுதான் அது வேலையிலயே கைவைக்கும். இப்போ அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்டதைச் சரிபண்ணுது,” என்கிறான் தம்பி. “அப்பா மாதிரியேதான்!” என்கிறாள் அக்கா. தண்ணீர் குடிப்பதைக்கூட அறிவித்துவிட்டுக் குடித்த மனிதர், கண்மூடப்போவதை மட்டும் சொல்லவில்லை. எழுத்துகள் நிற்கின்றன. பதிவுகள் அத்தனையும் இருக்கின்றன. அவள் ஒன்றைத் தட்டுகிறாள். தொண்டையைச் செருமும் சத்தம். “இப்போ பாடப்போறேன். யாரும் சிரிக்கக் கூடாது.” பதிவுக்குள் இரண்டு சின்னக் குரல்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. மேசையருகே யாரும் சிரிக்கவில்லை.